விழுவதற்கு ஒரு மெத்தை

என் கட்டிலில் ஒரு பச்சைத் தலையணை இருக்கிறது. பச்சை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளுத்து வெளுத்து இப்போது அதற்கு நிறம் என்று ஒன்றும் கிடையாது. மகள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள். ரப்பர் தலையணை ஒன்று வாங்கித் தருகிறேன், இதைத் தூக்கிப் போடு என்பாள். ஒரு மூலையில் பஞ்சே இல்லையே, கழுத்து வலிக்காதா என்று கேட்பாள். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் தலையணைக்குள் இருக்கிற இலவம்பஞ்சின் மேல் ஒரு பெண் நாற்பத்து மூன்று நாள் தினமும் மூன்று ஆள் உயரத்திலிருந்து விழுந்து எழுந்திருக்கிறாள். ஒரே ஒரு நாள் எங்கள் மாமாவும் விழுந்தார். அதையெல்லாம் கழுத்து வலிக்காகத் தூக்கிப் போட முடியுமா என்று அவளிடம் கேட்டால், ஆரம்பிச்சுட்டியா என்று எழுந்து போய்விடுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மாமா என்றால் என் மாமனார். எழுபதுகளின் கடைசியில் ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிறந்த வீட்டில் வயலும் மாடும்தான் தெரியும். வந்த இடத்தில் வாசல் முதல் கொல்லைவரை பஞ்சு. மலைச் சரிவில் காய்க்கிற இலவங்காயை மூட்டை மூட்டையாக வாங்கி, உடைத்து, விதை நீக்கி, பஞ்சு அடித்து மெத்தை தைப்பது மாமாவின் தொழில். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டுக்காரருக்கு மலைமேல் ஏலக்காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரில் வேலை. சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிவிடுவார். மிச்ச நாட்களில் வீட்டில் இருப்பது மாமாவும் நானும் பஞ்சும். கல்யாணமான ஒரு மாதத்தில் என் தலைமயிர் நரைத்த கிழவி மாதிரி ஆகிவிட்டது என்று பார்க்க வந்த அம்மா அழுதாள். தட்டினால் போய்விடும் என்று மாமா அவளைச் சமாதானப்படுத்தினார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எவர் வீட்டுக்குப் போகிற மெத்தையானாலும் அதில் முதலில் படுப்பவர் அவர்தான். கல்யாண மெத்தையாக இருந்தாலும் விடமாட்டார். துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்து, கண்ணை மூடிப் பத்து நிமிடம் கிடப்பார். எழும்போது ஒரு குறை சொல்வார். தோள்பட்டை கிட்ட முடிச்சு ஏறி நிக்குது, இடப்பக்கம் துணி இறுக்கம், கால்மாட்டில் பஞ்சு சோடை என்று எதையாவது சொல்லி, அதைச் சரிசெய்த பிறகுதான் மெத்தை வாசல் தாண்டும். ஒருநாள்கூட "நல்லாயிருக்கு" என்று எழுந்ததில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குறையே இல்லாவிட்டாலும் நீங்கள் ஒன்று உண்டாக்கிவிடுவீர்கள் மாமா என்று ஒருமுறை சொன்னேன். குறை இல்லாம எப்பிடி ஆத்தா இருக்கும், படுத்தவனுக்குத் தெரியலன்னு வேணா சொல்லு என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலையில் விளைவதை வைத்துப் பிழைத்த அந்த மனுசன் ஒருநாளும் மலை ஏறியது கிடையாது. உயரம் என்றால் அவருக்கு நடுக்கம். பரணில் இருக்கிற அண்டாவை எடுக்கக்கூட நான்தான் ஏற வேண்டும். மகன் வேலை செய்கிற ஸ்டோரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று கூப்பிட்டால், முந்தல் வரைக்கும் வந்து, மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் சோலி இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிடுவார்.

அந்த வருஷம் ஆனி பிறந்த கையோடு ஒரு சர்க்கஸ் வந்து மைதானத்தில் கூடாரம் அடித்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி யாரோ அவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆடி முதல் வாரத்தில் ஒரு பகலில், நாங்கள் பஞ்சு பறக்காமல் கதவு சன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கூடாரம் நடுவே கிழிந்து பக்கத்துத் தோப்பின் மேல் போய் விழுந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. முதலாளி யானையையும் மிச்ச மிருகங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பதினொரு பேர் போடியிலேயே தங்கிப் போனார்கள். அவர்களுக்கு மேனேஜர் ஒருவர், தலச்சேரிப் பக்கத்துக்காரர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நாடகக் கொட்டகையைப் பிடித்து, தெரிந்த வித்தைகளையெல்லாம் ஒரு கதைக்குள் வைத்து மேடையில் நடத்துவது. கதை ஓடினால் இதே பதினொரு பேரும் ஊர் ஊராக அதைக் கொண்டுபோகலாம். ஓடாவிட்டால் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மிருகம் இல்லாத சர்க்கஸ், வசனம் இல்லாத நாடகம் என்று ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் அதில் என்னதான் இருக்கும் என்று எங்கள் தெருவே சிரித்தது. கதை சின்னதுதான். மலைமேல் ஏலக்காட்டில் வேலை செய்கிற அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிறாள் ஒரு பெண். வழியில் காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஊரே தேடுகிறது. சைக்கிள் மேல் சைக்கிளாக ஆறு பேர் ஏறி நின்றால் அது மலைப்பாதை பஸ். கயிற்றில் ஒருவன் தலைகீழாக இறங்கினால் அது காட்டுக்கொடி. சுழலுகிற தட்டுகள் மழை. கடைசியில் அந்தப் பெண் மலை உச்சியில் தெரிகிறாள். இறங்க வழியில்லை. கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய்ந்து, ஏலச்செடிகளுக்கு நடுவே வந்து விழுகிறாள். ஒரு நொடி எல்லாம் அமைதி. பிறகு எழுந்து அப்பனின் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த விழுதல் இல்லாவிட்டால் அதில் ஒன்றும் இல்லை.

விழ வேண்டியவள் கூடாரத்தில் அந்தரத்து ஊஞ்சலில் பார் ஆடுகிற பெண். மலையாளத்துக்காரி என்பதால் ஊர் அவளைச் சேச்சி, அதாவது அக்கா, என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும். ஏழு வயதில் சர்க்கஸுக்கு வந்தவள். கூடாரத்தில் அவளுக்குக் கீழே வலை இருந்தது. கொட்டகையில் வலை கட்ட இடமும் இல்லை, அந்த இழுப்பைத் தாங்குகிற தூணும் இல்லை. போடியில் இலவம்பஞ்சு மெத்தைக்கா பஞ்சம் என்று யாரோ சொல்ல, மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மாமாவுக்கு ஒரே பெருமை. பத்தடிக்குப் பத்தடி, முழங்கால் உயரம். அத்தனை பெரிய மெத்தையை அவரும் தைத்ததில்லை, அவர் அப்பாவும் தைத்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் எட்டு நாள் உட்கார்ந்தோம். குடோனில் இருந்ததிலேயே நல்ல பஞ்சாகப் பார்த்துத் திணித்தார். மெத்தைக்குள் பஞ்சு நகராமல் இருக்க, மேல்துணியிலிருந்து கீழ்த்துணிக்கு நூலை இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுவோம். முடிச்சு விழுந்த இடம் குழியாக நிற்கும். வழக்கமாக முழத்துக்கு ஒரு முடிச்சு. இதற்கு அவர் சாணுக்கு ஒன்று போட்டார். இருவது வருசத்துக்கு ஒரு பொட்டுப் பஞ்சு அசையாது என்றார். கடைசியில் அதன் மேல் ஏறிப் படுத்துப் பத்து நிமிடம் கிடந்து, தலைமாட்டுத் தையல் கோணல் என்று சொல்லி, அதைப் பிரித்துத் தைத்து, மாட்டுவண்டியில் ஏற்றினார். விழுவதற்குக் கேட்ட மெத்தையை அவர் படுத்துப் பார்த்து அனுப்பினார். அது தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தினமும் செய்கிற வேலையில்தான் மனுசனுக்குக் கண் அவிந்துபோகிறது.

ஒத்திகைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, சாக்குப் போர்த்தி மலை செய்திருந்தார்கள். அதன் உச்சி கொட்டகைத் தகரத்தை முட்டியது. மேடைக்கு முன்னால் தரையில் மெத்தை. மேலே பச்சைத் துணி போர்த்தி, சுற்றிலும் நிஜமான ஏலச்செடிகளை நட்டிருந்தார்கள். சேச்சி முதலில் பாதி உயரத்திலிருந்து காலை ஊன்றிக் குதித்துப் பார்த்தாள். குதித்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் இடது குதிகால் ஒரு முடிச்சுக் குழியில் இறங்கி, அதன் அடியில் இருந்த நாலு விரல் பஞ்சையும் தாண்டித் தரையில் மோதியிருந்தது. எலும்பு முறியவில்லை, சுளுக்கு. கணுக்கால் கண்முன்னாலேயே வீங்கியது.

அவள் கத்தவில்லை. மெத்தையைத் தடவித் தடவி, ஒவ்வொரு குழியாக விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். "இப்ப காலு. நாளைக்கு முதுகு வந்து இந்தக் குழியில விழுந்தா? எனக்கு வேற ஒரு சோலியும் தெரியாது மேஸ்திரி. உடம்பு போச்சுன்னா என் சோறு போச்சு."

மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவர் மெத்தை ஒருவரைக் காயப்படுத்தியது அதுதான் முதல் தடவை. மறுநாள் மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தான் போட்ட முடிச்சு அத்தனையையும் தானே அவிழ்த்தார். ஒவ்வொன்றை அறுக்கும்போதும் அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்குப் பஞ்சை வெளியே எடுத்து, மிச்சத்தை அடித்து உப்பவைத்துத் தளர்வாக நிரப்பினார். முடிச்சு இல்லாத மெத்தை படுப்பதற்கு லாயக்கில்லை. ஒருமுறை உருண்டு படுத்தால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் நானே வந்து பஞ்சை நிரவி வைப்பேன் என்று மேனேஜரிடம் சொல்லியனுப்பினார்.

ஐந்தாம் நாள் பிற்பகலில் மறுபடி கொட்டகை. சேச்சி கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் இரண்டு ஆட்களை மேலே ஏற்றி, உச்சியிலிருந்து ஒரு தவிட்டு மூட்டையைத் தள்ளச் சொன்னார். மூட்டை மெத்தைக்குள் அமுங்கி மெதுவாக மேலே வந்தது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூட்டைக்கு முதுகெலும்பு இல்லையே" என்றாள் சேச்சி.

மேனேஜர் தொப்பென்று மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள்காரர்கள் சைக்கிளைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போது மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் சாரத்தில் இரண்டு கம்பு ஏறிவிட்டார். மாமா, மாமா என்று நான் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் கம்பைத் தேடித் தேடி ஏறினார். பரணில் இருக்கிற அண்டாவைத் தொடாதவர் தகரத்தில் தலை முட்டுகிற உயரத்துக்குப் போய், அங்கே கண்ணைத் திறந்தார். திறந்ததுதான் தப்பு.

இரண்டு கையாலும் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். விழவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே ஆடிக்காற்று தகரத்தைத் தடதடவென்று உதறிக்கொண்டிருந்தது. ஏணி கொண்டுவரச் சொல்லி மேனேஜர் ஆளை விரட்டினார். வீட்டுக்காரர் திங்கட்கிழமைதான் மலை ஏறிப்போயிருக்கிறார். அவருக்கு என்னவென்று சொல்லியனுப்புவேன்? அப்போதுதான் சேச்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள். காற்று கொஞ்சம் அடங்கியிருந்ததால் கீழே நின்ற எனக்கும் கேட்டது.

"கீழ நோக்க வேண்டா மேஸ்திரி. திரும்பி நில்லுங்க."

"விழுந்து பழக்கமில்ல தாயி."

"விழ வேண்டா. படுங்க. தினம் படுக்கிறதுதானே."

மாமா ஒரு கையை எடுத்தார். பிறகு மறு கையையும் எடுத்தார். இரண்டையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, வீட்டில் படுப்பது மாதிரியே பின்னால் சாய்ந்தார். மெத்தை அவரை வாங்கிக்கொண்டது. இத்தனை பெரிய உடம்பு விழுந்ததற்கு ஒரு சின்னச் சத்தம்தான் வந்தது. நான் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். கண் மூடியிருந்தது. கை நெஞ்சின் மேலேயே இருந்தது. முகத்தில் அசைவில்லை. மாமா என்று உலுக்கப் போனேன். மேனேஜர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

"சனி மூலையில பஞ்சு கம்மியா இருக்கு ஆத்தா" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

வடகிழக்கைச் சனி மூலை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துண்டாலேயே அவரை இரண்டு போட்டிருப்பேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. மேலே சேச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மூலையை நிரவுங்க மேஸ்திரி, நான் வர்றேன் என்று அங்கிருந்தே சொன்னாள். நாங்கள் மண்டிபோட்டுப் பஞ்சைத் தட்டி நிரவினோம். மாமா ஒதுங்கி நின்று தலையை ஆட்டினார். அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அப்புறம் விழுந்தாள்.

நாற்பத்து மூன்று நாள் ஓடியது. முதல் வாரம் பாதிக் கொட்டகை காலி. ஞாயிற்றுக்கிழமை குரங்கணியிலிருந்தும் மலை மேட்டிலிருந்தும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு எஸ்டேட் சனம் இறங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் கூட்டம் பிடித்தது. முதல் ஞாயிறு ஒரு கூத்து நடந்தது. மேடைப் பெண்கள் ஏலக்காயைச் செடியின் உச்சியிலிருந்து பூப்பறிப்பது மாதிரி நின்றுகொண்டு பறித்தார்கள். ஏலக்காய் காய்ப்பது செடியின் அடியில், மண்ணை ஒட்டி. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பில் மேளக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார். "உக்காந்து எடுங்கடி, இடுப்பு நோகட்டும்" என்று ஓர் அம்மாள் சத்தம் போட்டாள். மறுநாளிலிருந்து மேடையிலும் உட்கார்ந்துதான் எடுத்தார்கள்.

தினமும் மூன்று மணிக்கு மாமாவும் நானும் கொட்டகைக்குப் போவோம். பிரம்பால் தட்டி, கையால் நிரவி, மூலை மூலையாக அமுக்கிப் பார்ப்போம். பஞ்சுக்குப் பக்கத்தில் பீடி பிடித்த ஒரு சைக்கிள்காரனை மாமா வெளியே தெருவரை துரத்தியதும் உண்டு. ஆட்டம் தொடங்கியதும் முதல் பெஞ்சில் உட்காருவார். சேச்சி உச்சியில் வந்து நின்றதும் கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை நாளில் அவள் விழுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காதால் கேட்பார். சத்தத்தை வைத்தே, இன்னைக்கு நடுவுல இறங்கிருச்சு, நாளைக்கு அங்க நாலு கை கூட வைக்கணும் என்று என்னிடம் சொல்வார். சேச்சிக்குப் பிறகு ஒரு கீறல்கூட விழவில்லை. விழுவதற்கு முன்னால் அவள் ஒரு கணம் முதல் பெஞ்சைப் பார்ப்பாள். மாமா கண்ணை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள் என்று எனக்குத் தோன்றும்.

புரட்டாசி பிறந்ததும் அவர்களுக்கு மதுரையில் ஒரு கொட்டகை அமைந்தது. மெத்தை லாரியில் ஏறவில்லை. அங்கே போய் எப்படித் தைத்துக்கொள்வது, எப்படி நிரவுவது என்று மேனேஜருக்கு மாமா இரண்டு நாள் பாடம் எடுத்தார். பிறகு மெத்தையைப் பிரித்து, மேலே போர்த்திய பச்சைத் துணியிலேயே பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு தலையணை தைத்துக் கொடுத்தார். மிஞ்சிய துண்டில் எனக்கு ஒன்று. விடைபெற வந்த சேச்சி தன் தலையணையை நீட்டி, இதுல என்ன குறை மேஸ்திரி என்று கேட்டாள். மாமா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஓரத்தையல் கொஞ்சம் இழுக்குது என்றார். அவள் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு லாரியில் ஏறினாள். பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவில்லை.

மாமா இன்னும் ஒன்பது வருஷம் மெத்தை தைத்தார். மலை மட்டும் ஏறவில்லை. ஏறிப் பார்த்தாகிவிட்டது, போதும் என்பார். காலமெல்லாம் சுவாசித்த பஞ்சு கடைசியில் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இருமி இருமிப் படுக்கையில் விழுந்தார். அவர் தைத்த மெத்தையிலேயே படுக்கவைத்து, என் பச்சைத் தலையணையைத் தலைக்குக் கொடுத்தேன். காலையில் நான் போய்ப் பார்த்ததும் ஒரு குறை சொல்வார். முதுகில் முடிச்சு உறுத்துகிறது என்பார். விரிப்பு சுருண்டிருக்கிறது என்பார். அனேகமாகத் தினமும், சனி மூலையில் பஞ்சு கம்மி என்று தலையணையைக் காட்டுவார். நான் எடுத்துத் தட்டிக் கொடுப்பேன். அவர் குறை சொல்லும்வரை எனக்குத் தைரியமாக இருந்தது.

ஒரு காலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானே கேட்டேன், பஞ்சு சரியா இருக்கா மாமா என்று.

"எல்லாம் சரியா இருக்கு ஆத்தா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது. கீழ பாக்காதீங்க மாமா என்றேன். விழ வேணாம், படுங்க என்றேன். அவர் உதட்டோரம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். மறு கையையும் வைத்தார். உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டார்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். தலையணையை வெயிலில் போட்டிருந்தேன். பிரம்பெடுத்து நான் தட்டுவதைப் பார்த்துவிட்டு, எத்தனை தட்டினாலும் அந்த மூலை நிரம்பாதும்மா என்றாள். சனி மூலை என்றால் அப்படித்தான் என்றேன். தலையணைக்கு ஏதும்மா சனி மூலை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போடலாமே என்று சிரித்தாள். நான் அதை மூலை மூலையாக அமுக்கிப் பார்த்து, கட்டிலில் கொண்டுபோய், அந்த மூலை வடகிழக்கில் வரும்படி வடக்கும் கிழக்கும் பார்த்து வைத்தேன்.